எழுத்தும் வண்ணத்தளமும்: லிசிற்ஸ்கியின் ஓவியமொன்று பற்றிய சில குறிப்புகள்

அரூப ஓவியம் சமூக வாழ்விலிருந்து விலகிய உருவவாதம் என்னும் கருத்து முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அக்கருத்து முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும், அதனைப் பொதுவிதியாகக் கொள்வோர் எதிர்கொள்ள வேண்டிய சிறு படைப்பொன்று உண்டு. ரஷ்ய ஓவியரான எல் லிசிற்ஸ்கி (1890–1941) 1919–20 காலப்பகுதியில் தீட்டிய, ரோசா லக்சம்பேர்க்கின் பெயர் தாங்கிய குவாஷ் ஓவியமே அது. பக்கமொன்று பத்துச் சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவான சதுரத் தாள், உள்ளங்கையில் அடங்கிவிடும். செந்நிற வட்டம், அதன்மேற் கருஞ்சதுரம், சூழவுள்ள சிறு கேத்திரகணித வடிவங்கள், இவற்றோடு ரஷ்ய எழுத்தில் அப்பெயர். மனித உருவம் எதுவுமில்லை.

குவாஷ் என்பது நீர்வர்ணத்தின் இனத்தைச் சேர்ந்ததே. பிசினிற் குழைத்த நிறத்தூளை நீரிற் கரைத்துத் தீட்டும் முறை இரண்டிற்கும் பொது. ஆனால், நீர்வர்ணத்தினூடே தாளின் வெண்மை ஒளிரும். நிறத்தூள் செறிந்த குவாஷோ தாளை மறைத்து, மினுக்கமின்றிச் சமதளமாகக் காயும். விளிம்புகள் கூர்மையாக நிற்கும். சுவரொட்டி வரைவோர் இதனை விரும்பியமைக்குக் காரணம் இதுவே. சாயலும் நிழலும் கொண்டு துயரை உணர்த்தும் மரபுக்கு இவ்வூடகம் எளிதில் இடங்கொடாது.

லக்சம்பேர்க்கும் கார்ல் லீப்னெக்ற்றும் 1919 ஜனவரி 15ஆந் திகதி பேர்லினிற் படுகொலை செய்யப்பட்டனர். லக்சம்பேர்க்கின் உடல் கால்வாயில் வீசப்பட்டது. அம்மாத இறுதியில் லீப்னெக்ற்றின் அருகே வெறும் பேழையே அடக்கஞ் செய்யப்பட்டது. உடல் அகப்பட்டது மே மாத முடிவிலேதான். உடலின்றிப் பெயருக்கு மட்டும் இறுதிக்கிரியை நிகழ்ந்த ஓராண்டில், உருவின்றிப் பெயரை மட்டும் தாங்கிய ஓவியம் உருவாகத் தொடங்கிற்று என்பதை நாம் தற்செயலெனத் தள்ளிவிட விரும்பவில்லை. ஓவியர் அதனை எண்ணினார் எனக் கூறவும் முற்படவில்லை.

வட்டமும் சதுரமும் மலேவிச்சின் வழிவந்தவை. 1919 இறுதியில் அவர் விற்றெப்ஸ்க் நகருக்கு வந்தபோது லிசிற்ஸ்கி அங்குள்ள கலைப்பள்ளியிற் கற்பித்துக்கொண்டிருந்தார். எழுத்தின் பயன்பாடோ லிசிற்ஸ்கியின் சொந்த முதுசம். யூத மரபிற் பிறந்த அவர் யிட்டிஷ் நூல்களை அலங்கரித்தவர். 1919இல் வெளிவந்த 'ஹாட் கட்யா' நூலில், பாத்திரத்துக்குத் தீட்டிய நிறத்தையே அப்பாத்திரத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இட்டார். எழுத்தை ஓவியத்தின் விளக்கக் குறிப்பாக அன்றி, அதன் உறுப்பாக நோக்கும் பயிற்சி அவருக்கு அங்கேயே வாய்த்துவிட்டது.

பெயரை நீக்கினால் எஞ்சுவது வெறும் வடிவப் பயிற்சியே என ஒருவர் கூறலாம். அது உண்மை. வடிவங்கள் தாமாகவே அரசியல் பேசுவதில்லை. ஆனால், வெற்றுத் தாளில் அப்பெயரை மாத்திரம் எழுதியிருப்பின் அது பதிவேட்டின் ஒரு வரியாகவே இருந்திருக்கும். செம்மையும் கருமையும் அதனைச் சூழும்போதே புரட்சியும் இழப்பும் ஒருங்கே கண்ணிற் படுகின்றன. இதே காலத்தில் அவர் வரைந்த, செந்நிற ஆப்பினால் வெள்ளையரை அடிக்குமாறு ஏவும் சுவரொட்டியில் ஆப்பு வட்டத்தைத் துளைக்கிறது; அதன் செய்தி எழுத்தறியாதவர்க்கும் எட்டக்கூடியது. இவ்வோவியத்தில் அத்தகைய செயல் எதுவும் இல்லை. பொதுமக்கள் இதனை எளிதில் உணர்ந்திருப்பர் என நாம் நம்பவில்லை. சுவரொட்டிக்குரிய அளவுகோலை இதற்கு இடுவதும் பொருந்தாது.

1930களில் சோசலிச யதார்த்தவாதம் அதிகாரபூர்வக் கொள்கையானபின் இத்தகைய ஆக்கங்கள் சோவியத் நாட்டிற் பார்வைக்கு வைக்கப்படாது ஒதுங்கின. மொஸ்கோவில் வாழ்ந்த கிரேக்கரான ஜோர்ஜ் கொஸ்தாக்கிஸ் அவற்றைத் தேடிச் சேர்த்தார். 1977இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறியபோது தொகுப்பின் ஒரு பகுதி மொஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்துக்குச் சென்றது. லக்சம்பேர்க்கின் பெயர் தாங்கிய இச்சிறு தாள் அவருடன் சென்ற பகுதியைச் சேர்ந்தது. கிரேக்க அரசு 2000ஆம் ஆண்டில் வாங்கிய 1,275 ஆக்கங்களுள் ஒன்றாக இன்று தெசலோனிக்கியில் உள்ளது.