இரவல் கதை, சொந்த நடை

பிடித்த கதை முடிந்த பிறகும் அதன் மாந்தர்களைப் பிரிய மனமில்லாத வாசகர், தாமே பேனாவை எடுத்து அவர்களை வைத்து எழுதுவதுதான் ரசிகர் புனைவு. ஃபேன்ஃபிக்ஷன் என்றால் இளைஞர்களுக்குச் சட்டென்று விளங்கும். அமெரிக்காவில் 1966இல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. மறு ஆண்டே அதன் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைச் சொந்த முயற்சியில் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஊரும் பேரும் இரவல் என்பதால் நடையும் இரவலாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கதை வாசகருக்கு முன்பே தெரியும். எனவே அவர் கவனமெல்லாம் சொல்லும் விதத்தின் மேல் விழுகிறது. கீர்த்தனையை மனப்பாடமாக அறிந்த சபை, பாடகரின் சங்கதிகளுக்காகக் காத்திருப்பதைப்போல.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்வோம். அதை ஒட்டி எழுதத் தொடங்கும் எவரும் முதலில் கல்கியைப்போலவே எழுதுவார்கள். வாசகரை அழைத்துப் பேசுவார்கள், உரையாடலிலேயே கதையை நகர்த்துவார்கள், அத்தியாயத்தை ஆவல் உச்சியில் நிறுத்துவார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அதிலிருந்து வெளியே வர ஒரு வழி வேண்டும். கல்கியின் கருவிகள் செல்லுபடியாகாத ஒரு மனத்துக்குள் நுழைவதே நான் அறிந்த சிறந்த வழி.

ஊமை ராணி மந்தாகினி அப்படியொரு மனம். காவிரியில் விழுந்த குழந்தை அருள்மொழியை அவள் தூக்கிக் காப்பாற்றும் கணத்தை அவள் பார்வையிலேயே எழுதிப் பாருங்கள். அவளுக்குப் பேச்சும் இல்லை, செவியும் இல்லை. படகிலிருப்பவர்கள் 'அலறினார்கள்' என்று எழுத முடியாது. வாய்கள் திறந்திருப்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். ஆற்றின் சலசலப்புக் கிடையாது. காலை இழுக்கும் வேகம் உண்டு. குழந்தையின் பெயரைக்கூட அவள் ஒலியாக அறிந்திருக்க வழியில்லை. ஆகவே 'அருள்மொழி' என்ற சொல்லே அந்தப் பத்தியில் வரக்கூடாது. பழகிய உவமைகளில் பாதிக்குமேல் ஓசையைச் சார்ந்தவை என்பது அப்போதுதான் உறைக்கும். அவள் தன் கதையைச் சித்திரங்களாகத் தீட்டிவைத்தாள் என்று கல்கியே எழுதியிருக்கிறார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டால், அவள் நினைவுகள் காட்சி காட்சியாக, இடையில் விளக்கமே இல்லாமல் வரலாம். கல்கி கொடுத்த விவரம்தான். நடை மட்டும் கல்கியுடையது அல்ல.

ஜீன் ரீஸ் செய்ததும் இதுதான். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) நாவலில் மாடியறையில் அடைபட்டிருக்கும் பெண்ணுக்குத் தன் கதையைச் சொல்ல வாய்ப்பே இல்லை. கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த ரீஸ், 1966இல் 'வைட் சர்காசோ ஸீ'யில் அவளுக்குப் பேச்சைக் கொடுத்தார். ஜேனின் நிதானமான தன்வரலாற்று நடையை அவர் தொடவில்லை. அவர் எழுத்தில் வெயிலும் பூமணமும் அச்சமும் துண்டுதுண்டாக வருகின்றன. நடுவில் கணவன் கதையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறான். நாவல் முழுவதும் அவனுக்குப் பெயர் இல்லை. மனைவியின் பெயரை மாற்றியவனுக்கு ரீஸ் பெயரே தரவில்லை என்பதில் அவருடைய கோபத்தை நான் கேட்கிறேன்.

நம்மிடம் புதுமைப்பித்தன் இருக்கிறார். 1943இல் வந்த 'சாபவிமோசன'த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். வால்மீகியின் சாயலுமில்லை, கம்பனின் சாயலுமில்லை.

பயிற்சிக்கு ரசிகர் புனைவு உலகில் 'டிராபிள்' என்றொரு வடிவம் உண்டு: சரியாக 100 சொல். ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் தமிழில் அது தாராளமான இடம். மந்தாகினியின் கணத்தை அதில் எழுதுங்கள். பிறகு அதே கணத்தை, எல்லாவற்றையும் கேட்கிற படகோட்டியின் வாயால் இன்னொரு 100 சொல்லில் எழுதுங்கள். இரண்டையும் உரக்கப் படித்தால் மாந்தருக்கு ஏற்ப மாறியவை பல இருக்கும். மாறாமல் நின்றவற்றுக்கு அடிக்கோடு இடுங்கள். இரண்டிலும் முகத்துக்கு முன் கைகளைக் கவனித்திருக்கலாம். பதற்றமான இடத்தில் வாக்கியம் சுருங்கியிருக்கலாம். அவை கல்கியிடமிருந்தும் வரவில்லை, மந்தாகினியிடமிருந்தும் வரவில்லை.