வண்டியின் வயிற்றுக்கு ஒரு தகடு

"டங்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கேட்டது.

எங்க சீனியர் ஒருத்தர் வாங்கியிருந்த செகண்ட் ஹேண்ட் எஸ்யூவியில் ஐந்து பேர் ஏற்காடு பக்கம் ஒரு எஸ்டேட் பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். இரண்டு டயர் தடத்துக்கும் நடுவே ஒரு கல் துருத்திக்கொண்டு இருந்தது. "கிளியரன்ஸ் இருக்குடா, போலாம்" என்று அதை நடுவில் விட்டு ஓட்டியதில் அடி தட்டிவிட்டது. இறங்கி, குனிந்து, மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு ஆயில்கூட கீழே இல்லை. சந்தோஷமாக மறுபடி ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு. "சென்சார் போயிருக்கும்" என்று ஒரு குரல் (என்னுடையதுதான்). அடுத்த வளைவுக்குள் இன்ஜினிலிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் வந்துவிட்டது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங் காலி. வண்டி லாரியில் ஏறி சேலம் வந்து சேர்ந்தது.

லீக்கே இல்லையே, அப்புறம் எப்படி? மெக்கானிக் அண்ணன்கள் "ஆயில் சேம்பர்" என்று சொல்லும் ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சம்ப்பின் அடித்தகடு உள்பக்கமாக நெளிந்திருந்தது. அதற்குள்ளே ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் ஸ்ட்ரெய்னர் சம்ப்பின் தரையிலிருந்து ஒரு விரல் கனம்கூட இல்லாத இடைவெளியில் நிற்கிறது. நெளிந்த தகடு போய் அதன் வாயை அடைத்துவிட்டது. சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குக்குப் போகவில்லை. அதனால முதல்லயே சொல்லிடறேன்: அடி பலமாகத் தட்டிய பிறகு ஆயில் விளக்கு எரிந்தால், அந்த நொடியே இன்ஜினை அணைத்துவிடுங்கள். லீக் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

அதன் பிறகு நாங்கள் அந்த வண்டிக்கு ஒரு ஸ்கிட் பிளேட் செய்தோம். செய்யும்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டிக்கு அடியில் என்னென்ன தொங்குகிறது என்று ஒருமுறை படுத்துப் பாருங்கள். முன்னால் ஆயில் சம்ப், ஆயில் ஃபில்டர். அடுத்து கியர்பாக்ஸ். ஃபோர் வீல் டிரைவ் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ். பின்னால் பெட்ரோல் டேங்க். ஓரமாக சைலன்சர் குழாய், பிரேக் லைன். "எங்க வண்டியில கம்பெனியே ஒரு கவர் போட்டுக் கொடுத்திருக்காங்க" என்பீர்கள். தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது சேறு தெறிக்காமலும் காற்று சீராகப் போகவும் வைத்த பிளாஸ்டிக். கல்லுக்கு அது அப்பளம்.

பிரோஷரில் இருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கதவு மாடல், ஐந்து கதவு மாடல் இரண்டுக்குமே கிளியரன்ஸ் 210 மி.மீ. தான். ஆனால் வீல்பேஸ் 2250 மி.மீ.யிலிருந்து 2590 மி.மீ. ஆனதும், வயிறு தட்டாமல் ஒரு மேட்டைத் தாண்டும் பிரேக்ஓவர் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு இறங்கிவிட்டது. போதாததற்கு இந்த எண்கள் எல்லாம் வண்டி சும்மா நிற்கும்போது அளந்தவை. ஐந்து பேர், லக்கேஜ், ஒரு குழியில் விழுந்து அமுங்கும் ஸ்பிரிங் என்று சேர்த்தால் வயிறு இன்னும் இறங்கும். பாறை தட்டுவது அந்த நேரத்தில்தான்.

சரி, தகடு போடுவோம். எவ்வளவு கனம்? எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. நாங்களும் கேட்டோம். கேள்வியே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

1800 கிலோ வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 7000 ஜூல். அதே வண்டியைக் கிட்டத்தட்ட 40 செ.மீ. உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். 20 கி.மீ. வேகம் என்றால் நான்கு மடங்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்கும் மேலிருந்து போடுவது போல. இதை ஒரு தகடு நேருக்கு நேர் வாங்கி நிறுத்த முடியாது, எவ்வளவு கனமாக இருந்தாலும். அதற்கு அந்த வேலையும் கிடையாது. வண்டி கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகணும். வழுக்கும்போது வரும் பாரத்தைத் தகடு வாங்கி சேசிஸிடம் கொடுத்துவிடணும். தகடு ஒரு சறுக்குப் பலகை. பாரம் எந்த வழியாக எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் எழுதியவர்கள் (அரியர் வைத்தவர்களும்) கொஞ்சம் பேனாவை எடுங்க. 700 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் ஒரு சாதாரண மைல்ட் ஸ்டீல் தகடு. இரண்டு முனையிலும் தாங்கியிருக்கிறது. நடுவில் 2000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பாரம். சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். வளைவு சுமார் 106 மி.மீ. வரும். அழுத்தம் 778 மெகாபாஸ்கல் வரும். மைல்ட் ஸ்டீலோ 250 பக்கத்திலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். அப்படியென்றால் அந்தத் தகடு சம்ப்பைக் காப்பாற்றாது. கல்லையும் சேர்த்துக் கொண்டுபோய் சம்ப்பில் வைத்து அழுத்தும். நிஜத்தில் நான்கு பக்கமும் போல்ட் போட்டிருந்தால் இவ்வளவு மோசமாகாதுதான், ஆனால் திசை இதுதான்.

இப்போது கனத்தை இரட்டிப்பாக்கி 6 மி.மீ. போட்டால்? வளைவு கனத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பதால் எட்டில் ஒரு பங்காகும். ஆனால் எடையும் இரண்டு மடங்கு. அதற்குப் பதிலாக நடுவில் ஒரு கிராஸ் மெம்பர் வைத்து 700 மி.மீ.யை 350 ஆக்கினால்? வளைவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். அதே எட்டில் ஒரு பங்கு, ஒரு குழாயின் எடையில் முடிந்துவிடும்.

இன்னும் சுவாரசியமானது ஒன்று இருக்கிறது. அதே 3 மி.மீ. தகட்டின் நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் மொத்தம் 30 மி.மீ. உயரம் வரும்படி மேல்நோக்கி மடக்குங்கள். தட்டையான தகடு ஒரு சேனல் ஆகிவிடும். கூடும் எடை 18 சதவீதம். கூடும் விறைப்பு சுமார் 60 மடங்கு! 106 மி.மீ. வளைந்தது 2 மி.மீ.க்குள் அடங்குகிறது, அழுத்தமும் 221 மெகாபாஸ்கல், எல்லைக்குள்ளேயே. கையால் கணக்குப் போட்டபோது எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டு தடவை சரிபார்த்தேன். கடைக்காரர் எப்போதும் தகட்டின் கனத்தைச் சொல்லித்தான் விற்பார். நீங்கள் ஓரம் மடக்கியிருக்கிறதா, நடுவில் தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தகட்டை எதில் மாட்டுவது? சேசிஸ் ரெயிலிலும் கிராஸ் மெம்பரிலும் மட்டும். பட்டறையில் அவசரத்துக்கு "கியர்பாக்ஸ்ல ஒரு ஓட்டை சும்மாதான் இருக்கு, அதுல போட்டுடலாம் தம்பி" என்பார்கள். வேண்டவே வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும். தகட்டை அதில் கட்டினால் அதிர்வு தகட்டுக்கு வரும், பாறையின் அடி அலுமினிய கியர்பாக்ஸ் ஹௌசிங்குக்குப் போகும். யாரைக் காப்பாற்ற வந்தோமோ அவரையே முன்னால் நிறுத்தின மாதிரி. தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே இரண்டு விரலாவது இடைவெளி விடுங்கள். தகடு கொஞ்சம் வளையும், இன்ஜினும் கொஞ்சம் ஆடும். தனி சேசிஸ் இல்லாத மோனோகாக் வண்டி என்றால் சப்ஃப்ரேமில்தான் மாட்ட முடியும். அந்த மாதிரி வண்டிக்குத் தகடு போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் பாறை ஏறக் கிளம்பாதீர்கள்.

முன்பக்கச் சரிவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் முகம் தரையோடு 20 டிகிரி சாய்ந்திருந்தால், அதன் மேல் விழும் பாரத்தின் அளவு முன்னோக்கித் தள்ளினாலே வண்டி கல்லில் ஏறிவிடும். 45 டிகிரி என்றால் மூன்று மடங்கு தள்ள வேண்டும். 63 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் ஏறாது, முட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க கெத்தாக இருக்கிறது என்று பம்பருக்குக் கீழே செங்குத்தாக ஒரு தகடு மாட்டுகிறார்களே, அதன் கதை இதுதான்.

வழுக்குவதைத் தடுக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இரண்டு. ஒன்று போல்ட் தலை. கீழே துருத்திக்கொண்டிருந்தால் கல் அதைத் தேய்த்து வட்டமாக்கிவிடும். அடுத்த ஆயில் சர்வீஸுக்கு ஸ்பேனர் பிடிக்காது. கிரைண்டர் வைத்து வெட்டி எடுக்க வேண்டியதுதான். தகட்டில் பள்ளம் எடுத்து தலையை உள்ளே இறக்குங்கள். இன்னொன்று இரண்டு தகடு சேரும் இடம். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருக்கும், தண்ணீர் தடையில்லாமல் வழியும். இங்கே கல் முன்னாலிருந்து பின்னால் போகிறது. அதனால் முன் தகட்டின் பின் ஓரம், பின் தகட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பின் தகடு கல்லை மண்வெட்டி மாதிரி அள்ளும். ரிவர்ஸ் எடுக்கும்போது இந்த வசதி இல்லை, அப்போது பொறுமையாகத்தான் வர வேண்டும்.

ஸ்டீலா, அலுமினியமா? அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கனம் மும்மடியில் வேலை செய்வதால், 3 மி.மீ. ஸ்டீலுக்கு ஈடாக 4.3 மி.மீ. அலுமினியம் போதும், எடை பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பேப்பரில் அலுமினியம் ஜெயிக்கிறது. மலையில் கதை வேறு. அலுமினியம் மெத்தென்று இருப்பதால் கூரான கல் அதைக் கீறிப் பிடித்துக்கொள்ளும், வழுக்க விடாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பாறை சார்னோகைட் வகை, கருங்கல் மாதிரி கடினம். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு நம்ம சென்னைப் பக்கத்துக் கல் போனதால் வந்த பெயர் அது.) அப்படிப்பட்ட இடத்துக்கு என் ஓட்டு ஸ்டீலுக்கு. வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டலாம், விலையும் குறைவு. பட்டறையில் "10 கேஜ் தகடு" என்று கேட்டால் 3 மி.மீ.க்குச் சற்று மேல் கிடைக்கும். மண் பாதை, மணல், எப்போதாவது ஒரு கல் என்றால் அலுமினியம் தாராளமாகப் போதும். ஸ்டீல் போல்ட் தொடும் இடத்தில் மட்டும் உப்புத் தண்ணீர் பட்டால் அரிக்கும். கடற்கரையில் ஓட்டினால் கழுவிவிடுங்கள்.

தகடு மூடியதும் புதுப் பிரச்சினைகள் உள்ளே வந்து உட்காரும். சேறு முதல் ஆள். பத்து லிட்டர் ஈரச் சேறு தகட்டில் தங்கினால் 15 கிலோவுக்கு மேல் வீணாகச் சுமக்கிறீர்கள். வடிய ஓட்டைகள் வேண்டும். டிரெயின் பிளக்குக்கு நேராகவும் ஒன்று வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தகட்டையே கழற்றணும். இரண்டாவது ஆள் ஆபத்தானவர்: காய்ந்த புல். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். தகட்டுக்கும் அதற்கும் நடுவே புல் திணிந்தால் தீ பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் ஸ்பினிஃபெக்ஸ் புல்வெளியில் ஓட்டுபவர்கள் அடிக்கடி நிறுத்தி அடியில் இருக்கும் புல்லை இழுத்துப் போடுவது இதற்காகத்தான். சைலன்சர் குழாய்க்குக் கீழே தகடு போடாமல் திறந்தே விடுவது நல்லது. கோடையில் புல்லுக்குள் போய் வந்தால் குனிந்து ஒரு பார்வை.

நம்ம காலேஜ் பாஹா டீம் ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. பாஹா எஸ்ஏஇ விதிகளில் காக்பிட் நீளம் முழுக்க அடித்தகடு கட்டாயம். அது டிரைவரின் காலைக் கல்லும் குச்சியும் குத்தாமல் இருப்பதற்கு. விதிக்காக ஒரு மெல்லிய தகட்டை ரிவெட் அடித்து டெக்னிக்கல் இன்ஸ்பெக்ஷன் தாண்டுவது சுலபம். ஆனால் ரோல் கேஜின் அடிக்குழாய்களுக்கு நடுவே எத்தனை மி.மீ. தாங்கலில்லாமல் கிடக்கிறது என்று அளந்து, மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு ஒருமுறை போடுங்கள். டிசைன் ரிப்போர்ட்டில் ஒரு பக்கமும் நிரம்பும்.

எங்க சீனியர் வண்டிக்கு வருகிறேன். கடைசியில் போட்டது 3 மி.மீ. ஸ்டீல், ஓரம் மடக்கி, நடுவே ஒரு சதுரக் குழாய் கிராஸ் மெம்பர். முதல் டிரிப் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கினோம். நான்கில் ஒன்று தளர்ந்துதான் இருந்தது. தகட்டுக்கு அடியில் பெயிண்ட் போய் பளபளவென்று கீறல்கள். அதை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். முக்கால்வாசிக் கீறல் வலது பக்கம், டிரைவர் சீட்டுக்கு நேர் முன்னால். அவர் கல்லை இப்போதும் நடுவில் விட்டுத்தான் ஓட்டுகிறார். கல்லின் மேல் டயரை ஏற்றினால் வயிறும் சேர்ந்து மேலே எழும்பும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடுத்த டிரிப்பில் ஸ்டீயரிங் என் கையில்.