பருவம் முந்திய வெப்பமும் பயிரும்

குளிர்காலம் கடுமையின்றிக் கழிந்தால் அது பயிருக்கு நன்மையெனக் கருதுதல் இயல்பு. குளிர்நாடுகளின் பழத்தோட்டக்காரர் கண்ட அனுபவமோ இதற்கு மாறானது.

மரத்தின் உறக்கம்

அப்பிள், பீச்சு, செரி முதலிய மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறக்கநிலையை அடைகின்றன. அப்பொழுது அவற்றின் அரும்புகள் உறைநிலைக்கு மிகக் கீழ்ப்பட்ட குளிரையும் தாங்கும். போதிய குளிரைப் பெற்ற பின்னரே அவ்வுறக்கம் நீங்கும். அப்பிள் இனங்கள் பலவற்றிற்கு 7 பாகை சதமளவைக்குக் கீழ்ப்பட்ட குளிர் ஏறக்குறைய 1000 மணித்தியாலம் வேண்டும். அது கிடையாவிடின் அரும்புகள் ஒழுங்கின்றி விரிந்து காய்ப்புக் குறையும். குளிர் போதியதாயிருந்தும் வெப்பம் முந்தி வந்தால் மரம் காலத்திற்கு முன்னே பூக்கும். விரிந்த பூவோ உறைநிலைக்குக் கீழ் 2 பாகையளவிலேயே கருகத் தொடங்கும்.

பிரான்சில் நேர்ந்த அழிவு

2021ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் பிரான்சின் பல இடங்களில் வெப்பநிலை 25 பாகையைக் கடந்தது. கொடிமுந்திரி தளிர்த்தது, பழமரங்கள் பூத்தும் பிஞ்சுவிட்டும் நின்றன. ஏப்பிரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. தோட்டக்காரர் நிரைகளினிடையே தீ மூட்டி இரவெல்லாம் காவலிருந்தும், பல பகுதிகளில் ஓராண்டு விளைவின் பெரும்பங்கு சில இரவுகளில் அழிந்தது. ஏப்பிரல் உறைபனி அந்நாட்டிற்குப் புதிதன்று. அரும்புகள் அதற்கு முன்னரே விரிந்துவிட்டமையே கேட்டிற்குக் காரணம்.

நீண்டகாலப் பதிவு

ஓராண்டின் வெப்பங்கொண்டு காலநிலை மாறியதெனத் துணிதல் தவறு. நீண்டகாலப் பதிவே சான்றாகும். யப்பானின் கியோட்டோ நகரிற் செரிப்பூ முழுமையாக மலர்ந்த நாள்பற்றிய குறிப்புக்கள் 9ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு கிடைக்கின்றன. 1409இல் மார்ச் 27 என்றிருந்த மிக முந்திய நாள் 2021இல் மார்ச் 26 ஆயிற்று. நகரம் பெருகியதாலான வெப்பமும் இதில் ஓரளவு சேர்ந்துளது. ஆயினும் உலகமெங்கும் வெப்பநிலை உயர்ந்துவருதல் ஐயமற்றது. கைத்தொழில் பெருகுமுன் வளிமண்டலத்திற் பத்து இலட்சத்திற்கு ஏறக்குறைய 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டமையால் இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. இவ்வாயு புவியின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது.

இலங்கைக் கமக்காரர் கவனிக்கவேண்டியவை

இலங்கையிற் குளிர்காலமும் வசந்தமும் இல்லையெனினும், இரவுக் குளிரை நம்பிய பயிர்கள் உள. உருளைக்கிழங்கு அவற்றுள் முதன்மையானது. யாழ்ப்பாணத்தில் அது மார்கழி, தை மாதக் குளிரை நோக்கியே நடப்படுகின்றது. இரவு வெப்பம் மிகுந்தால் செடி செழித்து வளரும், கிழங்கோ சிறுக்கும்.

ஆதலால் நட்ட நாள், பூத்த நாள், இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை, விளைவின் நிறை ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. ஓராண்டு அனுபவத்தை மட்டும் நம்பி நடுகைக் காலத்தை மாற்றுதல் கூடாது. பல ஆண்டுக் குறிப்பே நடுகைக் காலத்தையும் ஏற்ற இனத்தையும் தெரிந்தெடுக்கத் துணையாகும்.