டிஷ்வாஷர் நின்றுவிட்டதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

டிஷ்வாஷர் பழுதானால் எந்த வீட்டிலும் இரண்டு பேச்சு எழும். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்பார் ஒருவர், இதைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாம் என்பார் இன்னொருவர். நாகூரில் இருக்கும் நீங்கள் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இயந்திரம் தானாகக் கெட்டதா, நம் வீட்டுத் தண்ணீர் அதைக் கெடுத்ததா?

அதனால் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? கடலை ஒட்டிய ஊரில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பது சாதாரணம். பழுதுக்குக் காரணம் அந்தத் தண்ணீர்தான் என்றால், புதிய இயந்திரத்துக்கும் அதே கதிதான். காரணத்தைச் சரிசெய்த பிறகு செலவழிக்கும் பணம்தான் நிலைக்கும்.

உண்மையிலேயே பழுதுதானா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தட்டை வெளியே எடுங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். மீன் முள், எலும்புச் சில்லு, கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான் சிக்கும். தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பின்னால் கழிவுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்கல் இங்கேயே தீர்ந்துவிட்டால் மெக்கானிக்குக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுக்க வேண்டியதில்லை.

பாத்திரத்தில் வெள்ளைப் படலம் நிற்கிறதே, அது? அது நீரின் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து. இதை நீக்க இயந்திரத்துக்குள்ளேயே சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் பகுதி) இருக்கிறது. அது வேலை செய்ய, டிஷ்வாஷருக்கென்றே விற்கும் பரல் உப்பைப் போட வேண்டும். சமையலுக்கு வாங்கும் தூள் உப்பைப் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

அந்த உப்பைப் போட்டால் போர் தண்ணீரும் சரியாகிவிடுமா? ஆகாது. சாஃப்ட்னர் சுண்ணாம்பைத்தான் எடுக்கும், உவர்ப்பை எடுக்காது. உவர்நீரில் உள்ள குளோரைடு எவர்சில்வரைக்கூடப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். உள்சுவரில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? தட்டு அடுக்கும் கம்பிகளில் துரு கிளம்பியிருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி தண்ணீர்தான்.

தண்ணீரை எப்படிச் சோதிப்பது? குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம். கடினத்தன்மைக்கு இந்த அளவுகள் 200, 600. டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் சிறு கருவி) முதல் எண்ணைச் சொல்லும். கடினத்தன்மை, குளோரைடு இவற்றைத் தனித்தனியாக அறிய, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். உவர்ப்பு அதிகம் என்றால் டிஷ்வாஷருக்கு நகராட்சித் தண்ணீர் மட்டும் போகும்படி தனி இணைப்புக் கொடுங்கள்.

சரி, எந்தப் பழுதைச் சரிசெய்யலாம்? கதவு ரப்பர், தண்ணீர் வால்வு, கழிவுநீர் பம்ப், ஹீட்டர் இவற்றை மாற்றலாம். முதன்மை மோட்டாரும் பிசிபி போர்டும் (இயந்திரத்தை நடத்தும் மின்னணுப் பலகை) செலவு வைக்கும். உள்தொட்டியே அரித்து ஓட்டை விழுந்தால் அதில் காசு போடாதீர்கள்.

செலவு கட்டுமா என்று எப்படிக் கணக்குப் போடுவது? புதியது 40,000 ரூபாய், பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,000 ஆகிறது. 6,000 ரூபாய் ரிப்பேரில் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 2,000 தான், தாராளமாகச் செய்யலாம். 15,000 கொடுத்து இரண்டு வருடம்தான் ஓடும் என்றால் வருடத்துக்கு 7,500, வேண்டாம். வெளியூரிலிருந்து ஆள் வரும் செலவையும் இதில் சேருங்கள்.

போர்டு போய்விட்டது என்கிறாரா மெக்கானிக்? புதிய போர்டைப் போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து வோல்டேஜையும் எர்த்தையும் பாருங்கள். பிளக் முனையில் பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளேயும் வேலையைக் காட்டியிருக்கும். இயந்திரத்தைப் போட்டதும் ட்ரிப் ஆகிறதென்றால் மின்கசிவு இருக்கலாம். சரியாகும்வரை தொடாதீர்கள், ட்ரிப்பரைத் தவிர்த்து நேரடி இணைப்பும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரமா? சிங்கப்பூர், துபாய் மின்சாரம் நம்முடையதைப் போல 50 சைக்கிள்தான். சவுதியில் 60 சைக்கிள் என்பதால் அங்கத்திய மோட்டார் இங்கே ஒழுங்காக ஓடாமல் போகலாம். அங்கே கொடுத்த வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றச் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது? மொத்தச் செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். புதிய பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். கம்பெனி உதிரிபாகம் தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளமும் தொடங்கியிருக்கிறது.

புதியதுதான் என்று முடிவானால்? பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்று கடையில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் பாகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வருடம் வரை கொடுத்தாக வேண்டும். அதையே அளவாக வைத்துக் கேட்கலாம். நாகூருக்கு வரும் சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

கந்தூரி நெருங்குகிறது, வீடு நிறைய விருந்தாளிகள் என்றால்? அவசரத்தில் எதையும் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பதினான்கு நாளைக்குக் கூடுதலாக ஓர் ஆளை வைத்துக் கழுவிக்கொள்வது, தப்பான இயந்திரத்தை வாங்குவதைவிட மலிவு. தண்ணீர் சோதனை முடிவு வரட்டும், மெக்கானிக்கின் எழுத்துக் கணக்கும் வரட்டும். பிறகு தீர்மானியுங்கள்.