ஆறாம் ஆண்டுக்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்ப்பது பெற்றோரின் விருப்பமா, கடமையா? மலேசியாவில் அது சட்டப்படியான கடமை. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 2002-இல் 29ஏ எனும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து ஆறாண்டு ஆரம்பக் கல்வி கட்டாயமானது. குடிமகனான பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆனால் நம் சமுதாயத்தில் பல பிள்ளைகளின் கல்விக்குச் சோதனை வருவது அந்த ஆறு ஆண்டுகளில் அல்ல, அதற்குப் பிறகுதான்.

தமிழ்ப்பள்ளியும் சட்டமும்

தமிழ்ப்பள்ளிகளின் வரலாறே சட்டங்களோடு பின்னிப் பிணைந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டப் பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சுதந்திரத்திற்குப் பின் வந்த 1961-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தக்க தருணம் வந்துவிட்டதாக அமைச்சர் கருதினால் தேசிய வகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்ற இடம் கொடுத்தது. சீன, தமிழ்ச் சமூகங்களைப் பல்லாண்டு கலங்க வைத்த பிரிவு அது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. புதிய சட்டத்தின் 28-ஆவது பிரிவு தேசிய வகைப் பள்ளிகளை அமைக்கவும் பராமரிக்கவும் வழி செய்கிறது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023-இல் தீர்ப்பளித்தது.

ஆறாம் ஆண்டைத் தாண்டியதும்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை, தேசிய மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. மலாய்மொழியில் பின்தங்கிய பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் படித்த பிறகே படிவம் ஒன்றுக்குப் போகிறார்கள். நண்பர்கள் முன்னே போய்விட, பதின்மூன்று வயதில் பின்தங்கி நிற்கும் பிள்ளை எளிதில் சோர்ந்து போகும்.

இதில் இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. தேர்வு பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால், படிவம் மூன்றிலோ நான்கிலோ பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையின் கையில் இப்போது பொதுத்தேர்வுச் சான்றிதழ் எதுவும் இருக்காது. எஸ்.பி.எம். எழுதினால்தான் முதல் சான்றிதழ்.

இந்த இடைவெளியைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை 2025-இல் மக்களவை நிறைவேற்றியது. இருந்தாலும், அபராதம் விதிப்பதால் மட்டும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்துவிடாது. பேருந்துக் கட்டணம், வீட்டு வறுமை, மொழித் தடுமாற்றம், கெட்ட சகவாசம் என்று பிள்ளை பள்ளியை விடுவதற்கான காரணத்தை முதலில் தீர்க்க வேண்டும்.

பள்ளியை விட்டவருக்கு வழி உண்டா?

உண்டு. அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம், மலேசியத் திறன் சான்றிதழுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. இதில் மொத்தம் ஐந்து நிலைகள். முதல் மூன்றும் எஸ்.கே.எம். சான்றிதழ்கள், நான்காவது திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். கட்டாயமில்லை.

இச்சான்றிதழைப் பெற மூன்று வழிகள் உள்ளன. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படிப்பது ஒன்று. பெரும்பகுதி நேரம் தொழிலிடத்திலும் மீதி நேரம் வகுப்பிலும் பயிலும் எஸ்.எல்.டி.என். எனும் இரட்டைப் பயிற்சி முறை இரண்டாவது. மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. பட்டறையில் பத்தாண்டு வாகனம் பழுதுபார்த்தவர், மின்கம்பி வேலை பார்த்தவர் போன்றோர் தங்கள் அனுபவத்தை ஆதாரங்களோடு நிரூபித்து, மீண்டும் பயிற்சிக்குப் போகாமலே சான்றிதழ் பெறலாம். இதனை மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை கவனிக்கிறது. பயிற்சிக் கட்டணத்திற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவியும் உண்டு.

"படிப்பு ஏறாதவன்தான் கைத்தொழிலுக்குப் போவான்" என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. சட்டமோ அந்தக் கைத்தொழிலுக்கே டிப்ளோமா வரை படிக்கட்டு போட்டிருக்கிறது.

பிள்ளை ஐந்தாம் ஆண்டில் இருக்கும்போதே அதன் மலாய் வாசிப்பைக் கவனியுங்கள். படிவம் இரண்டில் அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்கினால், அடிப்பதற்கு முன் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே பள்ளியை விட்டுவிட்ட மகனோ மகளோ வீட்டில் இருந்தால், அருகிலுள்ள பயிற்சி மையத்திற்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த மையம் அங்கீகாரம் பெற்றதுதானா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவது பெற்றோரின் பொறுப்பு.