கேள்விகள் எங்கே போயின?

தமிழ்ப் பேராசிரியை ஒருவரின் கணினித் திரையை அண்மையில் பார்த்தேன். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. பல ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்த கேள்வி வங்கி அது. எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவை. கல்லூரி புதிய இணையக் கற்றல் தளத்துக்கு மாறுகிறது, இரண்டு வாரத்துக்குள் பாடங்களை ஏற்றிவிடுங்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. தளத்துக்கோ யூனிகோடுதான் தெரியும். பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே சேமிப்பாவது ஆங்கில எழுத்து. எழுத்துரு கழன்றதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் யூனிகோடு கிடைத்துவிடும். ஆனால் கேள்விக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் அதுவும் தமிழெழுத்தாகி உளறும். ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் திருத்த வேண்டும். அவர் இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு வகுப்பைக் குறைக்கவும் இல்லை, ஊதியம் தரவும் இல்லை. யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல். இத்தனை ஆண்டுகளில் இந்த மாற்றத்துக்கு யாராவது அவருக்குக் கைகொடுத்திருக்கலாம்.

தளம் மாறும்போது ஆசிரியரின் உழைப்பு சிதறுவது உலகெங்கும் நடப்பதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்த முர்ரே கோல்ட்பர்க் 1990-களின் நடுவில் வெப்சிடி என்ற தளத்தை உருவாக்கினார். ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புக்காகத் தொடங்கியது பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு அது வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. 2006-இல் போட்டியாளரான பிளாக்போர்டு அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. வெப்சிடியை நம்பியிருந்த பல்கலைக்கழகங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அது பிறந்த பல்கலைக்கழகமே இன்று கேன்வாஸ் தளத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியைப் பராமரித்துவந்தவர் மார்ட்டின் டூகியாமாஸ். அதன் குறைகளோடு மல்லுக்கட்டி அலுத்த அவர், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மூடுல் என்ற கற்றல் தளத்தை எழுதினார். அதன் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. 2005-இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூடுலைத் தேர்ந்தெடுத்தது. தேர்வுப் பகுதியைத் தன் நிரலாளர்களைக் கொண்டே செம்மைப்படுத்தி மற்றவர்களுக்கும் கொடுத்தது. மூடுலுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் வழங்கிக்கும் ஆட்களுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவுக்கு மனமில்லாமல் ‘இலவசம்’ என்று மட்டும் பார்த்து மாறுவது ஆபத்து.

எந்தத் தளத்துக்குப் போனாலும் பிடிஎஃப் கோப்புகளும் பவர்பாயிண்ட்டும் சேதமில்லாமல் வந்து சேர்ந்துவிடும். கேள்விகள்தான் வழியில் அடிபடும். ஒரு தளத்தின் பொருத்துக வகைக் கேள்வி இன்னொன்றில் வெறும் பத்தியாகிவிடுவதுண்டு. கேள்விகளைப் பரிமாற கியூடிஐ என்றொரு பொதுத் தரம் இருக்கிறது. அதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் கையாள்வதால் பாதி வேலை மறுபடியும் ஆசிரியர் தலையில் விழுகிறது. மாணவர்களின் கலந்துரையாடல்கள் பெரும்பாலும் பழைய தளத்தோடு போய்விடுகின்றன.

அதனால் துணைவேந்தர்களிடமும் முதல்வர்களிடமும் கேட்கிறேன்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எங்கள் பாடங்களை நாளை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு பாடத்தை முழுதாக மாற்றிப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். பழைய தளத்தைப் பார்வைக்கு மட்டுமாவது ஓராண்டு திறந்துவையுங்கள். மாற்றும் வேலையை வேலை நேரத்தில் சேருங்கள்.

ஆசிரியர்களே, நீங்களும் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கேள்விகளை இன்றே யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.