ஒலியை முந்திய ஒரே கடல் விமானம்

1940களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கவலை. ஜெட் விமானத்தின் வேகம் கூடக் கூட, அது தரையிறங்கும் வேகமும் கூடியது. விமானந்தாங்கிக் கப்பலின் தளமோ நீளவில்லை. தளமே வேண்டாம், கடலிலிருந்தே கிளம்பலாம் என்றது கான்வேர் நிறுவனம். அப்படி உருவானதுதான் எஃப்2ஒய் ‘சீ டார்ட்’.

வழக்கமான கடல் விமானத்துக்குப் படகு போன்ற பருத்த அடிப்பாகமோ மிதவைகளோ இருக்கும். ஒலியை முந்த நினைக்கும் விமானம் அந்தப் பருமனைத் தாங்காது. அதனால் வயிற்றுப் பகுதியில் இரண்டு சறுக்குப் பலகைகளைப் பொருத்தினார்கள். நிற்கும்போது முக்கோண இறக்கை தண்ணீரில் படிய விமானம் மிதக்கும். நகரத் தொடங்கியதும் ஹைட்ராலிக் கால்களில் பலகைகள் கீழே நீளும். வேகம் பிடிக்கப் பிடிக்க உடல் தண்ணீரைவிட்டு எழும்பி, பலகைகள் மட்டும் நீரைக் கிழித்து ஓடும். பறந்ததும் அவை உடலோடு மடங்கிவிடும். சாரல் எஞ்சினுக்குள் புகாதிருக்க, காற்று புகும் வாய்கள் இறக்கைக்கு மேலே இருந்தன.

யோசனை அபாரம்தான். ஆனால் வேகமெடுத்ததும் பலகைகள் அலைகளில் மோதித் தடதடத்தன. விமானி கருவிகளைப் பார்க்கவே திணறும் அளவுக்கு அதிர்வு. பலகையை மாற்றினார்கள், கால்களை மாற்றினார்கள், இரண்டுக்குப் பதில் ஒற்றைப் பலகையும் போட்டுப் பார்த்தார்கள். குறைந்ததே தவிர, தீரவில்லை.

1953 ஜனவரி 14 அன்று, சான் டியேகோ விரிகுடாவில் வேக ஓட்டம் பார்க்கும்போதே விமானம் சற்றுத் தூரம் எழும்பிப் பறந்துவிட்டது. முறைப்படியான முதல் பறத்தல் ஏப்ரல் 9 அன்றுதான். திட்டமிட்ட ஜே46 எஞ்சின் தயாராகாததால் வலுக்குறைந்த ஜே34 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். ஜே46 வந்த பிறகும் கிடைமட்டப் பறத்தலில் ஒலியை எட்ட முடியவில்லை. இறக்கை சேருமிடத்தில் உடலை ஒடுக்கினால் காற்றுத்தடை குறையும் என்ற விதி பரவும் முன்பே வரையப்பட்ட வடிவம் அது. 1954 ஆகஸ்ட் 3 அன்று, சாய்வாகக் கீழ்நோக்கிப் பாய்ந்தபோதுதான் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. வேறெந்தக் கடல் விமானமும் இதைச் செய்ததில்லை.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, அதிகாரிகளும் செய்தியாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, தாழ்வாக அதிவேகத்தில் பறந்த விமானம் நடுவானில் சிதறியது. விமானி சார்லஸ் ரிச்போர்க் உயிரிழந்தார்.

விபத்து நடக்காவிட்டாலும் சீ டார்ட் நிலைத்திருக்காது என்றே தோன்றுகிறது. அதற்குள் பிரிட்டன் தந்த கோணத் தளமும் நீராவிக் கவணும் கப்பலிலேயே வேக ஜெட்டுகளை இயக்க வழிசெய்துவிட்டன. கட்டிய 5 விமானங்களில் 3 மட்டுமே பறந்தன. 1957இல் திட்டம் முடிந்தது. ஆனாலும் 1962இல் அமெரிக்கப் படைகள் விமானப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, பறப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட இதற்கும் எஃப்-7 என்று புதுப் பெயர் சூட்டினார்கள்.